போப்பியாவின் தோல்

மலேசியாவின் கெடா மாநிலத்துத் தென்பகுதியில் சுங்கை பட்டாணி, கூலிம், பீடோங், பாடாங் செராய் என எந்த ஊரில் பாசார் மாலாம் என்னும் இரவுச் சந்தை போட்டாலும் போப்பியா இல்லாமல் இருப்பது அரிது. ஒரு கடையில் அது கொதிக்கும் எண்ணெயிலிருந்து பொன்னிறமாக மேலே வரும். இன்னொரு கடையில் எண்ணெய்ச் சட்டிக்கே போகாமல், வெந்த செங்குவாங் கிழங்கையும் தவ்கே என்னும் முளைப்பயறையும் பொதிந்து, மேலே இனிப்பும் காரமும் கலந்த குழம்பை ஊற்றித் தருவார்கள். முன்னது போப்பியா கோரெங், பின்னது போப்பியா பாசா. இந்த மலாய்ப் பெயர்களைத் தமிழர்களும் அப்படியே சொல்லித்தான் வாங்குகிறார்கள். உலகம் ஸ்பிரிங் ரோல் என்று அழைக்கும் பெரிய குடும்பத்தின் கெடாக் கிளை இது.

அந்தக் குடும்பத்தைப் பற்றி எழுதுகிறவர்கள் பெரும்பாலும் உள்ளே இருப்பதைத்தான் பட்டியல் போடுவார்கள். இங்கே பன்றி இறைச்சி, அங்கே இறால், இன்னோர் ஊரில் மூங்கில் குருத்து என்று பட்டியல் நீளும். உள்ளீடு எந்த ஊரிலும் மாறக்கூடியது. சந்தையில் எது மலிவோ, மதம் எதை அனுமதிக்கிறதோ அது உள்ளே போகும். ஒரு சமூகம் இந்தச் சுருளைத் தன் அடுப்படிக்குக் கொண்டுபோனதா, கடையில் வாங்கித் தின்பதோடு நின்றதா என்பதே இன்னும் ஆழமான கேள்வி. அதைத் தீர்மானித்தது பெரும்பாலும் தோல்தான். கெடாத் தோட்டத் தமிழர்களின் சமையலை ஆசியாவின் மற்ற சமையல்களுக்குப் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் இது நன்றாக விளங்கும்.

போப்பியாத் தோலுக்கு வேண்டியவை மூன்றுதான்: கோதுமை மாவு, உப்பு, தண்ணீர். வேலைதான் கடினம். மாவைச் சப்பாத்திக்குப் பிசைவதைவிடத் தளர்வாகவும் தோசைக்குக் கரைப்பதைவிடக் கெட்டியாகவும் சேர்த்து, பாத்திரத்தில் அடித்து அடித்து இழுவை வரவைத்து, பிறகு சில மணி நேரம் ஊற விடுவார்கள். ஊறிய மாவு, உறையத் தொடங்கிய ரப்பர் பால் போல விரல்களிலிருந்து தொங்கி நெளியும். சமைப்பவர் ஒரு கை மாவை எடுத்து, அது கீழே விழாதபடி மணிக்கட்டை ஆட்டிக்கொண்டே, சூடான இரும்புக் கல்லில் ஒரு வட்டம் தேய்த்து உடனே கையை உயர்த்துவார். கல்லில் ஒட்டுவது மெல்லிய படலம் மட்டும்; மிச்ச மாவு கையோடு திரும்பிவிடும். சில நொடிகளில் ஓரம் கிளம்பும். மறு கையால் உரித்து அடுக்கில் போட வேண்டும். கல்லின் சூடு கூடினால் மாவு ஒட்டாமல் சுருளும். குறைந்தால் தடித்துப்போகும். ஒரு குடும்பம் சாப்பிடப் பல பத்துத் தோல்கள் தேவை. அதனால் சீன வீடுகளிலும் பலர் தோலைச் சந்தையில் வாங்கி, உள்ளீட்டை மட்டும் வீட்டில் சமைத்தார்கள்.

இந்தச் சுருளின் மூதாதை சீனத்தின் வசந்தத் தட்டு. சீன நாட்காட்டியில் பிப்ரவரி 4ஆம் தேதியை ஒட்டி வரும் வசந்தத் தொடக்க நாளில் பூண்டு, வெங்காயத்தாள் போன்ற காரமணக் கீரைகளைத் தட்டில் அடுக்கி உண்ணும் வழக்கம் மிகப் பழையது. பின்னர் அவற்றை மெல்லிய ரொட்டியில் சுற்றினார்கள். அதற்குப் பின் எண்ணெயில் பொரித்தார்கள். ஷாங்காய் பக்கம் முட்டைக்கோசும் பன்றி இறைச்சியும் வைத்துப் பொரித்த சுருள் நிலைபெற்றது. தெற்கே ஃபூஜியன் மாநிலத்தில் பொரிக்காத சுருளே முதன்மை. அங்கும் தைவானிலும் முன்னோர் கல்லறைகளைத் துப்புரவு செய்யும் சிங்மிங் நாளையொட்டி அதைச் சாப்பிடுகிறார்கள். நிலக்கடலைப் பொடியில் சர்க்கரை கலந்து தூவுவது அங்கத்திய சுவை.

தென்கிழக்கு ஆசியாவுக்குக் கப்பலேறியது இந்த ஃபூஜியன் சுருள். ஹொக்கியன், தியோச்சியூ மக்கள் குடியேறிய துறைமுகங்களில் எல்லாம் அது இறங்கியது. 1786இல் பிரிட்டிஷார் கைக்குப் போவதற்கு முன் கெடா சுல்தானின் நிலமாக இருந்த பினாங்கு அவற்றில் ஒன்று. தென்கெடாவுக்கு வாயில் அந்தத் துறைமுகம்தான். சீனர் போலவே தமிழரும் அங்கே இறங்கித்தான் கூலிம், சுங்கை பட்டாணி பக்கம் போனார்கள். பினாங்கு ஹொக்கியன் போப்பியாவில் உள்ளீடு வெந்த சாற்றை ஒரு கரண்டி எடுத்து, சுருளின் மேலேயே ஊற்றித் தருவது வழக்கம். நறுக்கிய துண்டுகள் சாற்றில் ஊறிக் கிடக்கும். அதைக் கையால் எடுத்துத் தின்ன முடியாது. கெடாக் கடைகளின் போப்பியா பாசா நீர்த்தும் நனைந்தும் வருவதில் இந்தப் பினாங்குப் பழக்கத்தின் சாயல் தெரிகிறது.

உள்ளே என்ன இருக்கிறது என்று பார்த்தால் ஆச்சரியம் காத்திருக்கிறது. போப்பியாவின் உடல் செங்குவாங். வெள்ளைச் சதையும் இனிப்பு நீரும் கொண்ட இந்தக் கிழங்கு மெக்சிகோவைச் சேர்ந்தது. 1565 முதல் 1815 வரை அக்காபுல்கோவுக்கும் மணிலாவுக்கும் இடையே ஓடிய ஸ்பானியக் கப்பல்கள் பசிபிக் கடலைக் கடந்து அதைக் கொண்டுவந்தன. ஃபூஜியனிலிருந்து வந்தவர்கள் மூங்கில் குருத்துக்கும் முட்டைக்கோசுக்கும் பக்கத்தில் இதையும் சேர்த்தார்கள். மலாயாவில் இதுவே தலைமை பெற்றது. தூவும் நிலக்கடலை தென்னமெரிக்காவினது. தடவும் மிளகாயும் அமெரிக்கக் கண்டத்தினது. இந்தத் தட்டை வாங்கித் தின்ற தோட்டத் தொழிலாளி காலையில் சீவிவிட்டு வந்த ரப்பர் மரமும் பிரேசிலிலிருந்து வந்ததுதான்: 1876இல் லண்டன் கியூ தோட்டத்துக்கு விதையாகப் போய், 1877இல் சிங்கப்பூருக்குக் கன்றாக வந்தது.

1909 பாங்காக் உடன்படிக்கையின்படி சயாமிடமிருந்து பிரிட்டிஷ் மேலாண்மைக்கு மாறிய கெடாவில் ரப்பர் தோட்டங்கள் வேகமாகப் பரவின. பாடாங் செராய் பக்கத்து ஹென்ரியெட்டா, பீடோங் பக்கத்து ஹார்வர்ட், கூலிம் வட்டாரத்து டப்ளின் என்று அந்நியப் பெயர் தாங்கிய தோட்டங்களில் கங்காணிகள் அழைத்துவந்த தமிழர்கள் லயங்கள் என்னும் வரிசை வீடுகளில் குடியேறினார்கள். விடியும் முன்னே பெரட்டு என்னும் ஆள்கணக்கெடுப்பு; குளிர்ச்சி இருக்கும்போதே மரம் சீவினால்தான் பால் நன்றாக இறங்கும். பெண்களும் மரம் சீவினார்கள். பால் எடுத்து, எடை போட்டு, வீடு திரும்ப மதியமாகிவிடும். அதற்குப் பிறகுதான் அடுப்பு.

அந்த அடுப்பில் தோசைக்கல் இருந்தது. போப்பியாத் தோல் வார்க்கும் கல்லுக்கும் அதற்கும் பெரிய வேறுபாடு இல்லை. கைப்பழக்கம்தான் வேறு. கரண்டியால் மாவை ஊற்றி வட்டம் இழுத்த கைகளுக்கு, உள்ளங்கையில் தொங்கும் கோதுமைப் பிசினை ஒற்றியெடுக்கும் வித்தை அந்நியமாக இருந்தது. இதே வீடுகளில் கறிபாப் எவ்வளவு எளிதாக நுழைந்தது என்பதோடு ஒப்பிட்டால் இது தெளிவாகும். கறிபாப் செய்ய வேண்டியது மாவைத் தேய்த்து, உருளைக்கிழங்குக் கறியை வைத்து, அரைவட்டமாக மடித்து, ஓரத்தைப் பின்னிப் பொரிப்பது. தீபாவளிக்குச் சோமாசு செய்த ஒவ்வொரு கையும் இதை முன்பே அறிந்திருந்தது. அதனால் கறிபாப் தமிழ்ப் பெண்களின் பலகாரமாயிற்று; காலைச் சந்தையில் அவர்களே விற்கும் பண்டமுமாயிற்று. போப்பியா நெடுங்காலம் கடைப் பண்டமாகவே நின்றது.

வேறொரு நாட்டுத் தமிழர்கள் இதே சுருளை வேறு விதமாகக் கையாண்டார்கள். கொழும்பிலும் யாழ்ப்பாணத்திலும் மாலைச் சிற்றுண்டிக் கடைகளில் அடுக்கியிருக்கும் ரோல்ஸ் இந்தக் குடும்பத்தைச் சேர்ந்ததுதான். இலங்கையில் அதைச் சைனீஸ் ரோல்ஸ் என்று இன்றும் சொல்கிறார்கள். அங்கே சீனத் தோல் தொடரவில்லை. கோதுமை மாவில் முட்டை சேர்த்துக் கரைத்து, வட்டமாக ஊற்றிச் சுட்டு, உருளைக்கிழங்கோடு மீனையோ ஆட்டிறைச்சியையோ கறியாக வதக்கி உள்ளே வைத்து மடித்து, முட்டையில் தோய்த்து, பாண் தூளில் புரட்டிப் பொரித்தெடுக்கிறார்கள். கரைத்து ஊற்றும் தோல் வீட்டுக்குப் பழகிய தோல். ஆகவே இலங்கைத் தமிழ் வீடுகளில் ரோல்ஸ் வீட்டுப் பலகாரமாகவே ஆகிவிட்டது. 1983க்குப் பின் பெருவாரியாகப் புலம்பெயர்ந்தவர்கள் அதை டொராண்டோ, லண்டன், பாரிஸ் நகரங்களுக்கும் எடுத்துச் சென்றார்கள். மட்டன் ரோல்ஸ் இல்லாத ஈழத்தமிழர் பிறந்தநாள் விழா அங்கே அபூர்வம். சீனர் தந்த வடிவம், ஐரோப்பியச் சமையலின் பாண் தூள், தமிழ்க் கறி எல்லாம் ஒரே சுருளில் இருக்கின்றன. தோலை மாற்றிக்கொண்ட சமூகம் சுருளையே சொந்தமாக்கிக்கொண்டது என்பதற்கு இதைவிட நல்ல சான்று கிடைக்காது.

வியட்நாம் இன்னும் ஒரு படி மேலே போயிற்று. கோதுமையை விட்டு அரிசிக்கே வந்துவிட்டது. அரிசி மாவுக் கரைசலைக் கொதிக்கும் பானையின் வாயில் கட்டிய துணிமேல் மெல்லியதாகப் பரப்பி, ஆவியில் வேகவைத்து, மூங்கில் தட்டிகளில் வெயிலில் காயவைக்கிறார்கள். காய்ந்த தாள் மாதக்கணக்கில் கெடாது. வேண்டும்போது தண்ணீரில் நனைத்தால் துணிபோல் மடங்கும். தெற்கு வியட்நாமின் திராங் பாங் ஊரில் இரவுப் பனியில் நனையவிட்டு மென்மையாக்கும் அரிசித் தாள் பெயர் பெற்றது. இறால், பன்றி இறைச்சி, சேமியா, பச்சிலைகள் வைத்துப் பொரிக்காமல் சுருட்டினால் கோய் குவோன். பொரித்தால் தெற்கில் சா ஜோ, வடக்கில் நெம் ரான். அரிசித் தாளைப் பொரிக்கும்போது மேலே சிறு சிறு கொப்புளங்கள் எழும்பி மொறுமொறுப்பாகும். கோதுமைத் தோலில் அந்தப் பரப்பு வராது. கல்லில் கை வைக்கத் தேவையில்லாத, காயவைத்து அடுக்கிவைக்கக்கூடிய தோல் கிடைத்ததால், வியட்நாமில் சுருட்டுவது வீட்டு மேசையில் ஒவ்வொருவரும் தமக்குத் தாமே செய்துகொள்ளும் வேலையானது.

கெடாவும் நெல்நாடுதான். மலேசியாவின் நெற்களஞ்சியம் என்று பெயர் பெற்றது. மூடா பாசனத் திட்டத்தை நடத்தும் மாடா அமைப்பு 1970இல் உருவாகி, இருபோகச் சாகுபடியை நிலைநிறுத்தியது. அலோர் ஸ்டாரைச் சுற்றிக் கண்ணுக்கெட்டிய தூரம் வயல். அப்படியிருந்தும் அந்த ஊர்ப் போப்பியாவின் தோல் இறக்குமதிக் கோதுமையில்தான் வார்க்கப்படுகிறது. மண்ணில் என்ன விளைகிறது என்பதைக் காட்டிலும், யாருடைய கை அடுப்பில் இருக்கிறது என்பதே பலகாரத்தின் தோலை நிர்ணயிக்கிறது. வியட்நாமியர்களிடம் சீனச் சுருளை ஏற்றுக்கொள்ள அரிசித் தாள் என்னும் சொந்தத் தொழில் இருந்தது. கெடாவில் அந்த இடத்தைச் சீனக் கைகளே நிரப்பின. பின்னர் மலாய்க் கைகளும் கற்றுக்கொண்டன.

பிலிப்பைன்ஸில் இரண்டு வழியும் உண்டு. பொரிக்கும் லும்பியாவுக்குச் சீனத் தோல். பொரிக்காத லும்பியாங் சாரிவாவுக்குப் பெரும்பாலும் முட்டை சேர்த்துக் கரைத்து ஊற்றிய மென்தோல். லும்பியாங் உபோத் என்ற வகையில் தென்னங்குருத்தே உள்ளீடு. செம்பனை மறுநடவின்போது வெட்டிய மரத்தின் குருத்தைச் சமைக்கும் மலேசியர்களுக்கு அந்தச் சுவை புதிதாக இராது. வாழைப்பழத்தைச் சர்க்கரையில் புரட்டி, சில வேளை ஒரு கீற்றுப் பலாச்சுளையும் வைத்துச் சுருட்டிப் பொரிக்கும் துரோன் அந்நாட்டின் தெருப் பண்டம். உப்புப் பண்டம் அங்கே இனிப்பாகவும் மாறிவிட்டது.

ஜாவாவின் செமாராங் நகரில் தோல் மாறவில்லை. அதை வார்ப்பவர்களின் குடும்பம் கலந்தது. ஃபூஜியனிலிருந்து வந்த சோவா தாய் ஜோ என்பவரும் வாசி என்ற ஜாவானியப் பெண்ணும் பத்தொன்பதாம் நூற்றாண்டில் திருமணம் செய்துகொண்டு தங்கள் இரு பண்டங்களையும் ஒன்றாக்கினார்கள் என்று அந்நகரம் தன் லும்பியாவின் பிறப்பைச் சொல்கிறது. மூங்கில் குருத்து, கோழி அல்லது இறால், பக்கத்தில் கெட்டியான இனிப்புச் சாறு: பன்றி இறைச்சி இல்லாததால் முஸ்லிம் பெரும்பான்மை நகரம் முழுவதும் அதை உண்டது. டச்சு ஆட்சிக்குப் பின் அதே சுருள் லும்பியா என்ற பெயரிலேயே நெதர்லாந்தின் தெருக்களுக்குப் போயிற்று. அங்கே இன்று அதைத் தள்ளுவண்டியில் விற்பவர்களில் பலர் வியட்நாமியர்.

கெடாவுக்கு வடக்கே, புக்கிட் காயு ஹித்தாம் எல்லையைக் கடந்தால் தாய்லாந்தின் போபியா. சேமியா போட்டுப் பொரித்ததற்குப் பிளம் சாறு. பொரிக்காததற்குப் புளியும் சர்க்கரையும் கலந்த கெட்டிச் சாறு, மேலே சீனத் தொத்திறைச்சி, முட்டை, வெள்ளரி. 1909 வரை சயாமின் நிழலில் இருந்த மாநிலத்துக்கு இந்தப் புளிப்பினிப்பு தூரத்து உறவு இல்லை. சென்னை ஓட்டல்களில் கிடைக்கும் வெஜ் ஸ்பிரிங் ரோலை இங்கே ஒரு வரியில் கடந்துவிடலாம். முட்டைக்கோசு, கேரட், குடைமிளகாய், நூடுல்ஸ் என்று எல்லா ஊரிலும் ஒரே மாதிரி இருக்கும் அதில் இடத்தின் மணம் ஏறவேயில்லை.

கெடாவில் உள்ளீடு மாறிய விதம் தனியாகப் பேசத்தக்கது. மலாயாவில் வேரூன்றிய சீனர்களான பாபா நோன்யா வீடுகளின் போப்பியாவில் பன்றி இறைச்சி, இறால், நண்டு, பொரித்த கொழுப்புத் துணுக்கு, பூண்டு விழுது, இனிப்பு மாவுச் சாறு எல்லாம் உண்டு. மலாய்க் கடைக்கு வந்தபோது பன்றி போயிற்று; தவு என்னும் சோயாக் கட்டியும் முட்டையும் கடலையும் முன்னுக்கு வந்தன. ரமலான் சந்தைகளில் நோன்பு திறக்க வாங்கும் பண்டங்களில் அதுவும் ஒன்றானது. தமிழ் முஸ்லிம்களின் பாசெம்போர் வண்டியைப் பார்த்தவர்களுக்கு இன்னோர் உறவும் புலப்படும். செங்குவாங், வெள்ளரி, தவு, நிலக்கடலையும் சர்க்கரைவள்ளியும் கலந்த காரக் குழம்பு: போப்பியா பாசாவைத் தோல் நீக்கித் தட்டில் பரப்பினால் ஏறக்குறைய இதே பொருள்கள்தாம்.

சைவம் சாப்பிடும் தமிழர்களுக்கு நல்ல போப்பியா கிடைத்த இடம் எதிர்பாராதது: சீனச் சைவக் கடை. சீன நாட்காட்டியின் ஒன்பதாம் மாதத்து முதல் ஒன்பது நாள்களில் ஒன்பது பேரரசர் தெய்வங்களுக்கு விரதமிருக்கும் சீனர்கள் புலால் தொடமாட்டார்கள்; சாலையோரம் மஞ்சள் கொடி கட்டிய சைவக் கடைகள் முளைக்கும். பல ஆண்டுகளில் அந்த நாள்கள் புரட்டாசியோடு ஒட்டியோ அதற்குள்ளேயோ வந்துவிடும். இரு விரதக்காரர்களும் ஒரே கடையில் நிற்கலாம். இறால் தூளும் பன்றிக் கொழுப்பும் இல்லாத அந்தப் போப்பியாவில் பூண்டும் வெங்காயமும்கூட இருக்காது. சீன பௌத்த மரபு அவற்றையும் விலக்குகிறது. பூண்டையும் வெங்காயத்தாளையும் கொண்டாடிய வசந்தத் தட்டின் வழித்தோன்றல், அந்த இரண்டையும் துறந்து விரத உணவாகியிருக்கிறது. இத்தனை தூரம் வளைந்துகொடுத்த உள்ளீட்டுக்கு நடுவிலும் தோல் அதே தோல்தான்.

அந்தத் தோலை வீட்டுக்குள் கொண்டுவந்தது குளிர்பதனப் பெட்டி. சிங்கப்பூரின் தீ யி ஜியா நிறுவனத்தை 1977இல் வாங்கிய சாம் கோய், தோல் வார்ப்பதை இயந்திரத்துக்கு மாற்றி, உறைய வைத்த சதுரத் தோலை உலகச் சந்தைக்கு அனுப்பினார். போப்பியா மன்னர் என்று அவரைப் பத்திரிகைகள் அழைப்பது அதனால்தான். ஆலையில் சுழலும் சூடான உருளையில் மாவுப் படலம் ஒட்டி, வெந்து, உரிந்து, சதுரமாக நறுக்கப்படுகிறது. இப்போது கெடாவின் சிற்றூர்க் கடைகளிலும் 5 அங்குலம் முதல் 10 அங்குலம் வரை அளவுகளில் பொட்டலம் கிடைக்கிறது. இதே காலத்தில் தோட்டங்கள் செம்பனைக்கும் வீடமைப்புக்கும் மாறின. லயங்களை விட்டவர்கள் தாமான் என்னும் குடியிருப்புப் பகுதிகளின் வீடுகளுக்கு வந்தார்கள். 1996இல் திறக்கப்பட்ட கூலிம் உயர்தொழில்நுட்பப் பூங்கா அவர்களின் பிள்ளைகளுக்கு ஷிப்ட் வேலை தந்தது. வேலை முடிந்து வருகிறவர் உறைந்த தோலை ஈரத்துணியில் இளகவைத்து, முட்டைக்கோசுப் பொரியலையோ முந்தின நாள் கோழிப் பிரட்டலையோ வைத்துச் சுருட்டிப் பொரித்துவிடலாம். சிறிய தோலில் காரமான இறால் துணுக்கை வைத்துப் பொரித்து டப்பாவில் அடைக்கும் மினி போப்பியா நோன்புப் பெருநாளின் பலகாரமாகத் தொடங்கி, தீபாவளித் தட்டுகளுக்கும் வந்திருக்கிறது. இலங்கைத் தமிழ் வீடுகள் தோலை மாற்றிச் சாதித்ததை, கெடாத் தமிழ் வீடுகள் தோலை விலைக்கு வாங்கிச் சாதித்திருக்கின்றன.

பொரிப்பதிலும் சில நுணுக்கங்கள் உண்டு. உள்ளீட்டின் நீர் வற்றியிருக்க வேண்டும். ஆறியும் இருக்க வேண்டும். இல்லையென்றால் ஆவி தோலைக் கிழித்துக்கொண்டு வெளியேறி எண்ணெயைத் தெறிக்கவைக்கும். ஓரத்தை ஒட்ட மைதாக் கரைசலே போதும். எண்ணெய் 170 முதல் 180 பாகை செல்சியஸ் வரை இருந்தால் தோல் எண்ணெய் குடிக்காது.

உறைந்த தோல் ஒரு பாதியைத்தான் மீட்டுத் தந்திருக்கிறது. பொரிக்க அது மிக நன்று. பொரிக்காத போப்பியாவுக்கு அது சரிப்படாது. உறைந்து இளகிய தோலில் ஓரங்கள் காய்ந்திருக்கும். பச்சையாகத் தின்றால் மாவு வாடை தங்கும். குழம்பு ஊற்றியதும் பிய்ந்துபோகும். அதனால்தான் வீடுகளில் போப்பியா கோரெங் பெருகியிருக்கிறது. போப்பியா பாசா இன்னும் கடையை நம்பியே இருக்கிறது. அதைத் தக்கவைக்க விரும்பும் தமிழ்ச் சமையல்காரர்களுக்கு இலங்கையும் பிலிப்பைன்ஸும் காட்டிய வழி திறந்தே கிடக்கிறது. முட்டை சேர்த்தோ சேர்க்காமலோ மாவை நீர்க்கக் கரைத்து, வீட்டுத் தோசைக்கல்லில் ஊற்றி, ஒரு பக்கம் மட்டும் வேகவைத்து எடுத்தால் நனைந்தாலும் தாங்கும் தோல் கிடைக்கும். ஹொக்கியன் தோலே வேண்டும் என்பவர் காலைச் சந்தையில் கல்லில் வார்ப்பவரிடம் புதிதாக வாங்கி, ஈரத்துணியில் சுற்றி, அன்று மாலைக்குள் சுருட்டி முடித்துவிட வேண்டும்.